விசையும் இயக்கமும்: நியூட்டன் விதிகளைப் புரிந்துகொள்ள ஒரு வழி

நியூட்டனின் மூன்று விதிகளையும் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் "மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் மேல் விசை இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால், விதிகளை வரி பிசகாமல் ஒப்பித்தவர்களே தடுமாறுவார்கள். பொருள்கள் எப்படி நகர்கின்றன என்பது பற்றி, தவழ்ந்த காலத்திலிருந்தே நம் மனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. விதிகளைப் படித்த பிறகும் அந்தப் பழைய கணக்கு இடத்தைக் காலி செய்வதில்லை. தடுமாற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். படம் வரையாமல் இந்தப் பாடம் மண்டையில் ஏறாது.

முதல் படி: பழைய கணக்கைத் திருத்துங்கள்

ஒரு பெட்டியைத் தரையில் தள்ளினால் நகர்கிறது. கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. இதையே திரும்பத் திரும்பப் பார்த்த மனம், "விசை இருந்தால் இயக்கம், விசை போனால் ஓய்வு" என்று முடிவு கட்டிவிடுகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இப்படித்தான் நினைத்தார். அவருக்குப் பிறகு பல நூற்றாண்டுகள் அந்தக் கருத்து பெரிதும் நிலைத்திருந்தது. ஆகவே உங்களுக்கும் அப்படித் தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

17ஆம் நூற்றாண்டில் கலிலியோ இதை வேறு விதமாக யோசித்தார். ஒரு சரிவில் பந்தை உருட்டிவிடுகிறோம். அது எதிரே உள்ள இன்னொரு சரிவில் ஏறுகிறது. இரண்டு சரிவுகளும் வழவழப்பாக இருந்தால், பந்து ஏறத்தாழ புறப்பட்ட உயரம் வரைக்கும் ஏறிப்போகும். எதிரே உள்ள சரிவைக் கொஞ்சம் தாழ்த்தினால், அதே உயரத்தை எட்டப் பந்து அதிகத் தூரம் ஓட வேண்டியிருக்கும். இன்னும் தாழ்த்தினால் இன்னும் தூரம். சரி, அந்தச் சரிவை முழுக்கத் தட்டையாக்கிவிட்டால்? பந்து எட்ட வேண்டிய உயரம் எங்கேயும் வராது. தடுக்க எதுவும் இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்தப் பெட்டிக்குத் திரும்புவோம். கையை எடுத்த பிறகு அதன் மேல் விசை இல்லாமல் போகவில்லை. உராய்வு என்னும் விசை பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருந்தது. அதுதான் பெட்டியை நிறுத்தியது. ஆக, விசையின் வேலை இயக்கத்தைத் தொடரவைப்பது என்று எண்ண வேண்டாம். இயக்கத்தை மாற்றுவதுதான் அதன் வேலை. இந்தப் பாடத்தில் வரும் மற்ற எல்லாமே இந்த ஒரு கருத்திலிருந்து கிளைப்பவை.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கோலிக்குண்டை ஒரே சரிவிலிருந்து, ஒரே உயரத்திலிருந்து உருட்டிவிடுங்கள். முதலில் கம்பளத்தின் மேல், அடுத்து சிமெண்டுத் தரையில், அப்புறம் கண்ணாடிப் பரப்பில். ஒவ்வொரு முறையும் அது கூடுதலாக ஓடும். உந்தித் தள்ளும் விசையை நீங்கள் கூட்டவில்லை; தடுக்கும் விசையைத்தான் குறைத்தீர்கள்.

இதற்கு மனிதர் செய்த மிகப் பெரிய சான்று வாயேஜர் 1 விண்கலம். 1977இல் ஏவப்பட்ட அது இன்றும் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து அதை எந்த எஞ்சினும் தள்ளவில்லை. அதில் எப்போதாவது இயங்கும் சிறு உந்திகள், அதன் ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைப்பதற்கானவை. சூரியனின் ஈர்ப்பு அதை மிக மெதுவாகப் பின்னிழுக்கிறது, அவ்வளவுதான். தடுக்கத் தரையும் காற்றும் இல்லாத இடத்தில் அது போய்க்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் படி: சில சொற்களைக் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்

வேகம் என்பது எவ்வளவு விரைவாகப் போகிறோம் என்பது. அதோடு எந்தத் திசையில் என்பதையும் சேர்த்தால் திசைவேகம். திசைவேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது முடுக்கம். ஓய்விலிருந்து கிளம்பிய மிதிவண்டி 3 நொடியில் 6 மீ/நொடி வேகத்தை எட்டினால், நொடிக்கு நொடி 2 மீ/நொடி கூடியிருக்கிறது. முடுக்கம் 2 மீ/நொடி². பிரேக் பிடித்து வேகம் குறைவதும் முடுக்கம்தான், திசை மட்டும் எதிர்ப்புறம். வட்டமான பாதையில் ஒரே வேகத்தில் ஓடுபவருக்கும் முடுக்கம் உண்டு, ஏனென்றால் அவர் போகும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கடைசி வரியில் பலர் தயங்குவார்கள். தயங்கினால் இரண்டு முறை படியுங்கள்.

அடுத்து நிறையும் எடையும். நிறை என்பது ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது, அலகு கிலோகிராம். எடை என்பது அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசை, அலகு நியூட்டன். பூமியின் பரப்பில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 9.8 நியூட்டன். 40 கிலோ நிறையுள்ள ஒருவரின் எடை பூமியில் 392 நியூட்டன். நிலவில் அவர் எடை 65 நியூட்டன்தான் இருக்கும், நிறையோ அங்கேயும் அதே 40 கிலோ. ஒரு நியூட்டன் எவ்வளவு என்று கை அறிய வேண்டுமானால், 100 கிராம் பொருள் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கை உணரும் அழுத்தம் ஏறத்தாழ 1 நியூட்டன்.

மூன்றாம் படி: ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அம்புகள் வரையுங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் உயிரே இந்தப் படிதான். சூத்திரத்துக்கு ஓடும் அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு எந்தக் கணக்கைத் தொட்டாலும் குழப்பம்.

செய்ய வேண்டியது இது. கணக்கில் எத்தனை பொருள்கள் இருந்தாலும், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதை ஒரு சிறு கட்டமாக வரையுங்கள். மற்ற பொருள்கள் அந்தக் கட்டத்தின் மேல் செலுத்தும் விசைகளை மட்டும் அம்புகளாகப் போடுங்கள். அது மற்றவற்றின் மேல் செலுத்தும் விசைகளுக்கு இந்தப் படத்தில் இடமில்லை. பெரிய விசைக்கு நீண்ட அம்பு, சிறியதற்குக் குட்டை அம்பு.

ஒவ்வொரு அம்பையும் வரைந்ததும் "இந்த விசையைத் தருவது எது?" என்று கேளுங்கள். பதில் ஒன்று, அந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஏதோவொன்றாக இருக்க வேண்டும்: கை, கயிறு, தரை, காற்று, நீர். அல்லது தொடாமலே இழுக்கும் பூமியாகவோ, காந்தமாகவோ, மின்னேற்றம் பெற்ற பொருளாகவோ இருக்க வேண்டும். யார் தருகிறார்கள் என்று சொல்ல முடியவில்லையா? அந்த அம்பை அழித்துவிடுங்கள்.

மேசை மேல் இருக்கும் புத்தகத்தில் தொடங்குவோம். கீழ்நோக்கி ஓர் அம்பு: தருவது பூமி. மேல்நோக்கி ஓர் அம்பு: தருவது மேசை. மேசை எப்படித் தள்ளும் என்று கேட்கத் தோன்றும். ஒரு மெல்லிய அட்டையை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலமாக வைத்து, மேலே ஒரு பொருளை வையுங்கள். அட்டை வளையும், வளைந்த அட்டை நிமிரப் பார்க்கும், அந்த முயற்சியில் பொருளை மேலே தள்ளும். மேசைப் பலகையும் இதையேதான் செய்கிறது. அது வளைவது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பது மட்டுமே வேறுபாடு.

இப்போது முதலில் கேட்ட பந்துக் கேள்வி. 0.2 கிலோ நிறையுள்ள பந்தை நேராக மேலே, 9.8 மீ/நொடி வேகத்தில் எறிகிறோம். கையை விட்டுக் கிளம்பி மேலே போய்க்கொண்டிருக்கும் பந்துக்கு அம்புகள் வரையுங்கள். பலர் மேல்நோக்கி ஓர் அம்பு போடுவார்கள். தருவது எது? கையா? கை இப்போது பந்தைத் தொடவே இல்லை. அழித்துவிடுங்கள். காற்றின் சிறு தடையை விட்டுவிட்டால், மிஞ்சுவது பூமி இழுக்கும் ஒரே ஓர் அம்பு: கீழ்நோக்கி, ஏறத்தாழ 2 நியூட்டன். பந்து ஏறும்போதும் அதே 2 நியூட்டன், உச்சியிலும் அதேதான், இறங்கும்போதும் அதேதான்.

அந்த ஓர் அம்பு நொடிக்கு 9.8 மீ/நொடி வீதம் பந்தின் திசைவேகத்தை மாற்றுகிறது. ஒரு நொடி கழித்து வேகம் பூச்சியம், பந்து 4.9 மீட்டர் உயரத்தில் இருக்கும். இன்னொரு நொடி கழித்துக் கைக்கே 9.8 மீ/நொடி வேகத்தில் திரும்பிவரும். உச்சியில் வேகம் பூச்சியமாகிறதே தவிர விசை பூச்சியமாவதில்லை. அங்கே விசையும் இல்லாமல் போயிருந்தால், நின்ற பந்து நின்றபடியே அந்தரத்தில் இருந்திருக்கும்!

அம்புகளை வரைந்த பிறகு கூட்டிக்கழிப்பது எளிது. பெட்டியை ஒருவர் வலப்புறம் 30 நியூட்டன் விசையோடும், இன்னொருவர் இடப்புறம் 20 நியூட்டன் விசையோடும் தள்ளினால், வலப்புறம் 10 மிஞ்சும். இப்படி மிஞ்சுவதைத் தொகுபயன் விசை என்பார்கள். மூன்று விதிகளில் முதலிரண்டும் இந்தத் தொகுபயன் விசையைப் பற்றியவை.

நான்காம் படி: தொகுபயன் விசை பூச்சியமானால் முதல் விதி

நியூட்டன் தன் விதிகளை 1687இல் வெளியிட்டார். முதல் விதி: தொகுபயன் விசை இல்லாதவரை, ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும், இயங்கும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். நிறை கூடினால் நிலைமமும் கூடும்.

ஒரு கண்ணாடி டம்ளரின் வாயை அட்டையால் மூடி, அட்டை மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். அட்டையை விரலால் வெடுக்கென்று சுண்டுங்கள். அட்டை பறந்துவிடும், நாணயம் டம்ளருக்குள் விழும். அட்டையை மெதுவாக இழுத்தால் நாணயமும் கூடவே வரும். சுண்டும்போது உராய்வுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. அதற்குள் அதனால் நாணயத்தை நகர்த்திக்கொண்டு போக முடியவில்லை.

பேருந்து திடீரென்று நிற்கும்போது நாம் முன்னால் சாய்கிறோம். நம்மை முன்னோக்கித் தள்ளியது எது என்று அம்பு விதியைக் கொண்டு தேடுங்கள். யாரும் இல்லை. பேருந்தின் வேகம் குறைந்தது. நம் கால்களைத் தரையின் உராய்வு பிடித்துக்கொண்டது. உடலின் மேற்பகுதியோ பழைய வேகத்திலேயே போகிறது. அதைப் பின்னோக்கிப் பிடிப்பதற்குத்தான் காரில் சீட் பெல்ட் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொகுபயன் விசை பூச்சியம் என்றால் பொருள் நின்றுகொண்டிருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். நேரான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் போகும் காரிலும் தொகுபயன் விசை பூச்சியமே. முன்னோக்கிய விசையும், காற்றும் உராய்வும் தரும் தடையும் சமமாக இருக்கின்றன.

ஐந்தாம் படி: பூச்சியமில்லையென்றால் இரண்டாம் விதி

தொகுபயன் விசை = நிறை × முடுக்கம். ஒரு கிலோகிராம் நிறைக்கு 1 மீ/நொடி² முடுக்கம் தரும் விசையே 1 நியூட்டன்.

5 கிலோ பெட்டியை 20 நியூட்டன் விசையோடு கிடையாகத் தள்ளுகிறீர்கள். உராய்வு 10 நியூட்டன். முடுக்கம் எவ்வளவு? 20ஐ 5ஆல் வகுத்து 4 என்று எழுதிவிடும் கை, அம்பு வரையாத கை. வரைந்திருந்தால் 20 − 10 = 10 என்று முதலில் வந்திருக்கும்; அதை 5ஆல் வகுத்தால் 2 மீ/நொடி². கணக்கில் கிராம் தந்திருந்தால் கிலோகிராமாக மாற்றுங்கள். மணிக்குக் கிலோமீட்டர் தந்திருந்தால் 3.6ஆல் வகுத்து மீ/நொடி ஆக்குங்கள். இந்த இரண்டையும் மறப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

கனமான பொருள் வேகமாக விழுமா என்ற கேள்விக்கும் இந்த விதியே பதில் சொல்கிறது. 10 கிலோ பொருளைப் பூமி 98 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. 98ஐ 10ஆல் வகுத்தால் 9.8. 1 கிலோ பொருளை 9.8 நியூட்டன், அதை 1ஆல் வகுத்தாலும் 9.8. பத்து மடங்கு இழுப்பு உண்மைதான், ஆனால் அசைக்க வேண்டிய நிறையும் பத்து மடங்கு. காற்று குறுக்கிடாவிட்டால் இரண்டும் சேர்ந்தே விழும். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது, காற்றில்லாத நிலவில் நின்றுகொண்டு டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அந்தப் படக்காட்சி இணையத்தில் கிடைக்கிறது, தவறாமல் பாருங்கள். வீட்டில் செய்ய வேண்டுமானால், புத்தகத்தைவிடச் சிறிய ஒரு தாளைப் புத்தகத்தின் மேல் ஒட்டினாற்போல் வைத்துப் புத்தகத்தைக் கைவிடுங்கள். தாள் பின்தங்காமல் கூடவே விழும்.

இதே விதியில் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். 0.15 கிலோ பந்து 20 மீ/நொடி வேகத்தில் வருகிறது. அதை 0.01 நொடிக்குள் நிறுத்தினால் முடுக்கம் 2000 மீ/நொடி². கை தர வேண்டிய விசை 300 நியூட்டன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே 0.1 நொடியில் நிறுத்தினால் வெறும் 30 நியூட்டன். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரையும் காரின் காற்றுப் பையும் நேரத்தை இப்படி நீட்டித்துத்தான் உயிரைக் காக்கின்றன.

ஆறாம் படி: மூன்றாம் விதிக்கு இரண்டு படங்கள்

ஒரு பொருள் இன்னொன்றின் மேல் விசை செலுத்தினால், அந்த இன்னொன்றும் முதல் பொருளின் மேல் அதே அளவு விசையை எதிர்த்திசையில் செலுத்தும். இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றும், ஒரே நேரத்தில் மறையும். இதில் முந்தியது, பிந்தியது என்று எதுவும் இல்லை.

இந்த விதியில் சிக்கும் எல்லோரும் ஒரே கேள்வியில்தான் சிக்குகிறார்கள்: "இரண்டு விசைகளும் சமம், எதிரெதிர் என்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிடாதா? அப்புறம் எதுதான் நகரும்?" பதில் நம் மூன்றாம் படியில் இருக்கிறது. இந்த இரண்டு அம்புகளும் ஒரே படத்தில் வரவே வராது. ஒருவர் கயிறு கட்டிப் பெட்டியை இழுக்கிறார் என்று வையுங்கள். பெட்டியின் படத்தில் கயிறு முன்னோக்கி இழுக்கிறது, உராய்வு பின்னோக்கி இழுக்கிறது. கயிற்றின் விசை அதிகமென்றால் பெட்டி முடுக்கம் பெறும். ஆளின் படத்தில் கயிறு பின்னோக்கி இழுக்கிறது, பாதங்களுக்கு அடியில் தரை முன்னோக்கித் தள்ளுகிறது. தரையின் விசை அதிகமென்றால் அவர் முன்னேறுவார். கழித்துப் பார்க்கும் வேலை ஒரே படத்துக்குள் மட்டுமே.

இணையைக் கண்டுபிடிக்கச் சொற்களைத் தலைகீழாக்குங்கள். "பூமி புத்தகத்தைக் கீழே இழுக்கிறது" என்பதன் இணை "புத்தகம் பூமியை மேலே இழுக்கிறது". மேசை புத்தகத்தை மேலே தள்ளுவது அதன் இணை ஆகாது. அந்த இரண்டும் சமமாக இருந்தாலும், இரண்டுமே புத்தகத்தின் மேல் இருப்பவை. சரி, புத்தகம் கீழே விழும்போது பூமி ஏன் மேலே வருவதில்லை? விசை சமம்தான். பூமியின் நிறை ஏறத்தாழ 6ஐத் தொடர்ந்து 24 பூச்சியங்கள் போட்டால் வரும் கிலோகிராம். அதனால் வகுத்தால் கிடைக்கும் முடுக்கம் எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அளவு சிறியது.

நடப்பதும் இந்த விதியால்தான். பாதம் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை பாதத்தை முன்னால் தள்ளுகிறது. பனிக்கட்டியில் உராய்வு குறைவு என்பதால் பின்னால் தள்ள முடிவதில்லை, வழுக்குகிறோம்.

ராக்கெட் காற்றை உதைத்துக்கொண்டு மேலே போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. 1920இல் ஓர் அமெரிக்க நாளிதழ், வெற்றிடத்தில் உதைக்க எதுவும் இல்லாததால் ராக்கெட் அங்கே இயங்காது என்ற பொருளில் எழுதி, ராபர்ட் கோடார்டு என்ற ராக்கெட் அறிஞரைக் குறைத்துப் பேசியது. 1969இல் மனிதர்கள் நிலவுக்குப் பயணமாகிக்கொண்டிருந்தபோது அதே நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. ராக்கெட் பின்னால் தள்ளுவது தன் எரிந்த வாயுவை. அந்த வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. ஊதிய பலூனை ஓர் உறிஞ்சுகுழலில் ஒட்டி, குழலுக்குள் நூலைக் கோத்து, நூலின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டி வாயைத் திறந்துவிட்டால் இதை நேரில் காணலாம்.

ஏழாம் படி: லிஃப்டுக்குள் ஒரு சோதனை

எடை பார்க்கும் இயந்திரத்தை லிஃப்டுக்குள் வைத்து, 40 கிலோ நிறையுள்ள ஒருவர் அதன் மேல் நிற்கிறார். அவரைத் தேர்ந்தெடுத்து வரைந்தால் இரண்டே அம்புகள்: பூமி கீழே 392 நியூட்டன், இயந்திரம் மேலே. இயந்திரம் காட்டுவது, தான் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதை 9.8ஆல் வகுத்த எண்.

லிஃப்ட் நிற்கும்போது 40 காட்டும். மேல்நோக்கி 1 மீ/நொடி² முடுக்கத்தோடு கிளம்பும்போது, தொகுபயன் விசை மேல்நோக்கி 40 நியூட்டன் இருந்தாக வேண்டும். எனவே இயந்திரம் 432 நியூட்டன் தள்ளுகிறது. முள் 44 கிலோவைத் தொடும். மாறாத வேகத்தில் ஏறத் தொடங்கியதும் மறுபடி 40தான். கீழ்நோக்கி அதே முடுக்கத்தோடு கிளம்பும்போது 352 நியூட்டன். ஏறத்தாழ 36 கிலோ. இயந்திரமும் மனிதரும் தடையில்லாமல் சேர்ந்து விழுந்தால் பூச்சியம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதும் இதனால்தான். பூமியின் இழுப்பு அங்கே தரையில் உள்ளதைப் போல் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம் இருப்பதால், விழும் பாதை பூமியைச் சுற்றி வளைந்துவிடுகிறது.

இப்போது ஒரு கேள்வி. முள் 44ஐக் காட்டுகிறது. லிஃப்ட் மேலே போகிறதா, கீழே போகிறதா? அம்புகளை வரைந்து பார்த்த பிறகு மேலே படியுங்கள்.

சொல்ல முடியாது என்பதுதான் விடை. முடுக்கம் மேல்நோக்கி இருக்கிறது என்பது மட்டும் உறுதி. லிஃப்ட் மேலே போய்க்கொண்டே வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கலாம். கீழே போய்க்கொண்டே நிற்பதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டும் இருக்கலாம்.